என் தோளில் இருக்கும் கை யாருடையது?

இன்று காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்கள் பத்திரிகையை வாங்கிப் பிரித்தேன். எங்கள் வீட்டுக் கத்திரிக்காய் கொத்சு செய்முறை வந்திருந்தது. மேலே என் பெயர்!

கொத்சு வைப்பது என் வீட்டுக்காரர். அவர் பெயரில்தான் பேத்தி அனுப்பினாள், நாங்கள் சேர்ந்து நிற்கும் படத்தோடு. படத்தில் அவரை வெட்டிவிட்டார்கள். என் தோளில் அவர் கை மட்டும் மிச்சம்.

அவர் ஊற்றும் நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெய் ஆகியிருந்தது. கீழேயே அந்த எண்ணெய்க்கு விளம்பரம்.

பத்திரிகைக்குப் போன் போட்டேன். "ஏம்மா, எங்க வூட்டுக்காரர் எங்க?"

ஒரு பெண் சொன்னாள்: "விளம்பரக்காரங்க லேடீஸ்தான் வேணும்னாங்கம்மா. ஆம்பள சமைச்சா எண்ணெய யாரு வாங்குவா?"

"எங்க வூட்ல எண்ண வாங்குறதே அவருதாம்மா!"

போனை வைத்துவிட்டாள்.

தன் படம் வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்த மனிதர், வீட்டில் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பிறகு கரித்துணியை என் கையில் கொடுத்தார். "பேரு உன்னுதுதான? இனிமே நீயே வையி."

மதியம் அந்தப் பக்கத்தைப் பார்த்தே வைத்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை; நாங்கள் இரண்டு பேருமே சோற்றில் தயிர் ஊற்றிக்கொண்டோம்.

அதனால் அந்தப் படத்தை இங்கே போடுகிறேன். எங்கள் வீட்டில் கொத்சு வைப்பவர் அந்தக் கைக்குச் சொந்தக்காரர். நாலு வார்த்தை பாராட்டி எழுதுங்கள், வாசித்துக் காட்ட வேண்டும். ராத்திரி எனக்குச் சாப்பாடு உங்கள் கையில்தான் இருக்கிறது.