சரிகை மீன்

எங்கள் வீட்டில் யாரும் உயிரோடு இருக்கிற கடல் மீனைப் பார்த்ததில்லை. பழங்காநத்தத்தில் குடியிருந்துகொண்டு எங்கே போய்ப் பார்ப்பது? கடல் மீன் என்றால் ஐஸ் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில், கண் சிவந்து படுத்திருக்கும். கடலிலும் அது அப்படித்தான் திரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்போது சின்னப்பிள்ளை, நினைக்கலாம். என் சித்தப்பாவும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

சித்தப்பா துபாயில் ஓர் அரபிக்குக் கார் ஓட்டினார். அந்த அரபிக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். புழுவோ இறாலோ மாட்டாமல், கொக்கியில் முடியும் இறகும் சுற்றிச் சின்ன மீன் போலச் செய்து, கனமான நூலைச் சாட்டையாகச் சுழற்றி வீசுவார். பெரிய மீன் அதை நிஜ மீன் என்று நம்பிக் கவ்வ வேண்டும். சித்தப்பா இதையெல்லாம் காரில் உட்கார்ந்தபடி தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஊருக்குக் கிளம்பும்போது அரபி தன் பழைய தூண்டிலைக் கொடுத்துவிட்டார். இறகு மீன் ஒன்றுகூடத் தரவில்லை. யானையைக் கொடுத்தவர் அங்குசத்தைக் கொடுக்கவில்லை.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். சித்தியோடு ஒரே வீட்டில் இருந்தது சில மாதங்கள்தான். அதற்குள் மறுபடியும் விசா வந்துவிட்டது. அந்தச் சமயத்தில், ராமநாதபுரத்துக்கு அப்பால் வெளிநாட்டு ஆட்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற படகுக்காரர் ஒருவர் சொல்லியனுப்பினார்: அந்த இறகை வைத்து என் கண் முன்னால் ஒரு மீனைப் பிடித்துக் காட்டட்டும், வேலை தருகிறேன். பிடித்தால் சித்தப்பா எங்களோடு இருப்பார், இல்லாவிட்டால் விமானம் ஏறுவார். வீட்டில் எல்லாரும் இதையே பேசினோம். அந்தப் பேச்சில் சித்தி மட்டும் சேரவே மாட்டாள்.

சித்தப்பா மொட்டைமாடியில் நின்று வீசிப் பழகினார். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து பாவாடை ஒன்றைப் பிடித்தார். தம்பி பிடித்த முதல் மீன் அதுதான் என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார்.

எந்த மீனைப் போலக் கட்டுவது என்பதுதான் பெரும்பாடு. மார்க்கெட்டில் நெத்திலி, காரல், சாளை என்று வகைக்குக் கொஞ்சம் வாங்கிவந்து தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். நெத்திலி ரொம்பச் சிறிசு, பெரிய மீன் கண்ணில் படாது. காரல் அகலம், வீசும்போது காற்று பிடித்துக்கொள்ளும். கடைசியில் சாளைதான் என்று முடிவானது. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு வால் முடிக்குச் சாம்பல் சாயம் ஏற்றி, சேவல் கழுத்து இறகு வைத்து, காளவாசல் கடையில் வாங்கிய நூலால் கட்டினார். கண்ணுக்குச் சித்தியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார். அச்சு அசல் மார்க்கெட் மீன். ஈ மொய்க்காததுதான் பாக்கி.

சித்தி எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பரவைக்காரி, அவளுக்கும் கடல் தெரியாது. ஆனாலும் ஒரு மத்தியானம் தன் முகூர்த்தப் பட்டின் முந்தானையில் பிரிந்து நின்ற வெள்ளிச் சரிகையை உருவி, சாயம் ஏற்றாத முடியோடு சேர்த்து அவளும் ஒரு மீன் கட்டினாள். கண்ணுக்குக் கறுப்புப் பாசிமணி. சித்தப்பா அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"இங்க பாருண்ணே, மீனு பட்டுக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்பிருச்சு! எந்த மீனுடி இம்புட்டு மினுக்கும்?"

வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தாள். பிறகு அந்த மீனைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லாரும் படகுக்காரரின் கடற்கரைக்குப் போனோம். வழியில் எனக்குத் தலை சீவுவதற்காகச் சித்தி கைப்பையைத் திறந்தாள். சீப்புக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அட்டையில் குத்திவைத்த சரிகை மீன் இருந்தது. நான் பார்த்துவிட்டதைச் சித்தியும் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் பையை மூடினாள்.

சித்தப்பா முழங்கால் தண்ணீரில் நின்று கரையோரமாகவே வீசினார். வீச்சு நன்றாகத்தான் இருந்தது, படகுக்காரரே தலையை ஆட்டினார். கரையோரம் நீளநீளமாகக் கட்டா மீன்கள் திரிந்தன. ஒன்று சித்தப்பா கட்டிய சாம்பல் மீனின் பின்னாலேயே வந்தது, பக்கத்தில் நின்று பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அடுத்து வந்ததும் அப்படியே. அப்போது கட்டாக்கள் துரத்தியதில் ஒரு சின்ன மீன் கூட்டம் தண்ணீரை விட்டுத் துள்ளியது. சாளைகள்தான். அத்தனையும் வெள்ளிச் சரிகை. சாம்பலும் இல்லை, சிவந்த கண்ணும் இல்லை.

சித்தப்பா வீசுவதை நிறுத்திவிட்டு, கரையில் அவர் வீசிய பக்கமாக நின்ற அப்பாவிடம் கத்தினார். "அண்ணே, நாம பாத்ததெல்லாம் செத்த மீனுண்ணே! அந்தச் சரிகை மீனு மட்டும் இப்பக் கையில இருந்தா..."

அது அவர் முதுகுக்குப் பின்னால், கரையில் நின்ற சித்தியின் பையில் இருந்தது. நான் சித்தியின் முந்தானையை இழுத்தேன். அவள் என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். கண் சித்தப்பாவின் முதுகிலேயே இருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

வெயில் ஏறியதும் படகுக்காரர், "சரி தம்பி, பெறகு சொல்லிவிடுறேன்" என்றார். அதற்கு அர்த்தம் எனக்கே தெரிந்தது.

வேனில் சித்தியின் காதுக்குள் கேட்டேன். "ஏன் சித்தி குடுக்கல?"

"அவரு கேட்டாரா?"

"கேட்டாருல்ல, கையில இருந்தான்னு!"

"அது ஒங்கப்பாகிட்டச் சொன்னது. என்னயக் கேக்கலையே."

இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்கு அழுகையாக வந்தது. ஒரு கொக்கியை எடுத்து நீட்ட என்ன கஷ்டம்? சித்தி ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் விமான நிலையத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு சித்தப்பா திரும்பித் திரும்பிச் சித்தியைப் பார்த்தார். அதில் ஒரு தடவையாவது கடற்கரையில் திரும்பியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகிற ஆளாகிவிட்டார். இன்றைக்கும் அப்படித்தான்.

போன பொங்கலுக்குச் சித்தியிடம் ஊக்கு கேட்டேன். பழைய கைப்பையில் இருக்கும், எடுத்துக்கொள் என்றாள். அட்டையோடு அந்த மீனும் அங்கேயே இருந்தது. சரிகை கறுத்துச் சாம்பலாகி, இப்போது அதுவும் மார்க்கெட் மீன் மாதிரிதான் இருந்தது. ஊக்கை எடுத்துக்கொண்டு பையை மூடினேன். எனக்கும் கல்யாணமாகிவிட்டது. எல்லாரும் சிரித்த ஒன்றை மறுபடி எடுத்து நீட்டக் கை எவ்வளவு கனக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வேனில் அது தெரியவில்லை. சித்தி தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அவள் மடியிலிருந்த பையை மெதுவாக எடுத்து ஓரமாக வைக்கப் பார்த்தேன். வரவில்லை. தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.