பவுடர் டப்பாவில் கோதுமை மாவு

போன புதன்கிழமை காலை. இன்னும் சரியாக விடியக்கூட இல்லை. கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் பக்கத்து வீட்டு கலா, தலைகூட வாராமல் நிற்கிறாள்.

“அக்கா, கோதுமை மாவு இருக்கா? தர்ஷினிக்கு இன்னைக்கு ஸ்கூல்ல குக்கிங் கிளப்பாம். இப்பதான் சொல்றா. கடை ஒண்ணும் தெறக்கல லா!”

இருந்த மாவை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கொடுத்தேன். கலாவின் மகள் தர்ஷினி பாரம் ஒன்னில், அதாவது ஏழாம் வகுப்பில், படிக்கிறவள். பையை விரலில் மாட்டி, ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டே போய் ஸ்கூல் வேனில் ஏறினாள். வேன் கிளேபாங் சாலையில் திரும்பி மறையும் வரை நான் வாசலிலேயே நின்றேன்.

“என்னக்கா, மாவு போச்சேன்னு பாக்கறீங்களா?” என்று சிரித்தாள் கலா.

இல்லை கலா. மாவு போன விதத்தைப் பார்த்தேன்!

எனக்குத் தர்ஷினி வயசு இருக்கும்போது மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சி, எமர்ஜென்சி காலம். பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். காட்டுக்கு வெளியே பட்டாளம். நடுவில் நாங்கள்... காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போகாவிட்டால் தானாக வெளியே வந்துவிடுவார்கள் என்பது சர்க்காரின் கணக்கு. அதனால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி. போக வர ஒரே ஒரு கேட். அரிசி, மாவு, சீனி, கருவாடு — எதுவும் அந்த கேட்டைத் தாண்டக்கூடாது. ரப்பர் பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம். பசியாறுவதை எல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண். அந்தப் பெண் வேறு யாருமில்லை, எங்கள் லயத்துப் புஷ்பம் அக்காதான். அதற்கு முன்னால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். சோதனை வேலைக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்காலி உண்டு, நிழல் உண்டு, கொசுக்கடி இல்லை. யார்தான் விடுவார்கள்?

அப்பா தோட்டத்து லாரி டிரைவர். காலையில் லாரி டவுனுக்குப் போகும்போது என்னையும் என் சிநேகிதி அஞ்சலையையும் ஏற்றிக்கொண்டு போய், டவுன் இங்கிலீஷ் பள்ளியில் இறக்கிவிடுவார். தோட்டத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போன பெண் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். அஞ்சலையின் அப்பா முனியாண்டி மாமா மரம் வெட்டுகிறவர். மகளை இங்கிலீஷ் படிக்க வைக்கிறாரே என்று லயத்தில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. மனுஷன் கண்டுகொள்ளவே மாட்டார்.

பள்ளியில் புதன்கிழமை மதியம் சமையல் கிளப். அஞ்சலை என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் அதில் சேர்ந்தாள். காரணம் அங்கிருந்த ஓவன். கேக் மாவு அதற்குள் போய் உப்பி வந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

“தண்ணியா உள்ள போவுது, பஞ்சா வெளிய வருதுடி! ஒரே ஒருக்கா நானும் செஞ்சு பாக்கணும்.”

கிளப்பை நடத்தியவர் மிஸ் லிம். டவுனிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். இளம் வயசு. கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். அவரவர் சாமானை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவள் சமைக்க முடியாது.

வீட்டிலிருந்து கொண்டு வா... சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! எந்தப் பள்ளியிலும் எந்த டீச்சரும் சொல்வதுதான். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இப்படி ஒரு கேட் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நாங்கள் வாரா வாரம் வெறுங்கையோடு போய் நின்றோம். மற்றவர்கள் சமைத்தார்கள். நாங்கள் பாத்திரம் கழுவினோம். “இன்றைக்கும் மறந்துவிட்டீர்களா?” என்று மிஸ் லிம் கேட்பார். தலையை ஆட்டுவோம்.

ஏன், உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ‘எங்களைத் தினமும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள்’ என்று டவுன் பெண்கள் முன்னால் சொல்ல அந்த வயசில் வாய் வருமா? அதற்கு மறதிக்காரி என்று பேர் வாங்குவதே மேல் என்று இருந்துவிட்டோம்.

அப்புறம் வந்தது அந்தப் புதன்கிழமை.

கேட்டில் லாரி நின்றது. அன்றைக்கென்று ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பம் அக்கா வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தார். என் பையைக் கிளறிப் பார்த்தார். அடுத்தது அஞ்சலை. புத்தகம், பென்சில்... அடியில் ஒரு பவுடர் டப்பா.

அஞ்சலையாவது, பவுடர் போடுவதாவது!

புஷ்பம் அக்கா மூடியைத் திருகி உள்ளங்கையில் தட்டினார். வெள்ளையாகக் கொட்டியது. முகர்ந்து பார்த்தார். விரலால் தேய்த்தார். தினம் சப்பாத்தி தேய்க்கிற கைக்குக் கோதுமை மாவு தெரியாமல் போகுமா? நிமிர்ந்து அஞ்சலையைப் பார்த்தார்.

அதிகாரி ஓர் அடி முன்னால் வந்தார். “என்ன அது?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் பக்கத்து லயத்து ஆள் ஒருவரை, சைக்கிள் விளக்குக்குள் ஒரு பிடி அரிசி வைத்திருந்தாரென்று போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர் மனைவிக்குக்கூடத் தெரியவில்லை. மாவு சின்னப் பெண்ணின் பையில் இருந்தாலும், மாட்டிக்கொள்ளப் போவது அவள் அப்பா...

புஷ்பம் அக்கா உள்ளங்கையிலிருந்த மாவை அப்படியே அஞ்சலையின் இரண்டு கன்னத்திலும் அப்பினார்!

“பள்ளிக்கூடம் போற பொண்ணு, மூஞ்சிய இப்பிடியா எண்ணெ வழிய வெச்சிருப்பே?” என்று அதட்டிக்கொண்டே நெற்றி, மூக்கு, கழுத்து என்று தேய்த்தார். மிச்சத்தைத் தன் முகத்திலும் பூசிக்கொண்டார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, “பெடாக், துவான்! பெடாக்!” என்று பல்லைக் காட்டினார். பவுடருக்கு மலாயில் பெடாக்; துவான் என்றால் ஐயா.

இரண்டு வெள்ளை முகங்களையும் பார்த்து வெள்ளைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகலாம் என்று கையை அசைத்தார். டப்பா மட்டும் திரும்பி வரவில்லை.

“இது எங்கிட்ட இருக்கட்டும். எனக்கும் அழகு வேணாமா?”

லாரி கேட்டைத் தாண்டியது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. ரொம்ப தூரம் போன பிறகு, “மூஞ்சியத் தொடைச்சுக்கம்மா” என்றார். அவ்வளவுதான்.

துடைத்தால் போகிற சமாச்சாரமா அது? மாவும் வேர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும்? அஞ்சலையின் காதோரம், முடியோரமெல்லாம் பசையாக ஒட்டிக் காய்ந்துவிட்டது. மதியம் கிளப்பில் மிஸ் லிம் அவள் அருகில் வந்து நின்றார். காதோரத்திலிருந்து ஒரு துணுக்கை நகத்தால் உரித்தார். விரலில் உருட்டிப் பார்த்தார்.

“மாவா?”

அஞ்சலைக்குக் கண் நிறைந்துவிட்டது. நான்தான் சொன்னேன். கேட், சோதனை, பவுடர் டப்பா, எல்லாவற்றையும்.

மிஸ் லிம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பாவுக்கு டவுனில் மளிகைக் கடை. பால் டின் விற்கும்போது, யாரும் காட்டுக்காக ஒளித்துவைக்க முடியாதபடி டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போது சட்டம். கடையில் நிற்கும்போது அந்த ஓட்டையை அவரே எத்தனையோ தடவை போட்டிருக்கிறார். அதே சட்டம் தன் வகுப்பில் வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. எங்களோடு நின்று பாத்திரம் கழுவினார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் புஷ்பம் அக்கா நேரே முனியாண்டி மாமா வீட்டுக்குப் போனார். அவர் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

“உம் மவ என்ன காரியம் செஞ்சா தெரியுமாண்ணே? என் வேலையும் போயிருக்கும், உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்!”

மாமா மகளை அடிக்கவில்லை. “படிச்சது போதும்” என்றார். மறுநாள் லாரியில் என் பக்கத்து இடம் காலி. அதற்கு மறுநாளும் காலி. சாயங்காலம் போய்க் கூப்பிட்டேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே வரவில்லை.

சனிக்கிழமை அப்பாவின் லாரியில், முன் சீட்டில், வந்து இறங்கியது யார் தெரியுமா? மிஸ் லிம்! கவுன் போட்டுக்கொண்டு, கையில் குடையும் ஒரு பிஸ்கட் டின்னுமாக.

டின்னை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெர்மிட் இல்லாமல் சாப்பாட்டுச் சாமான் உள்ளேயும் போகக்கூடாது. டீச்சர் என்றும் பார்க்காமல் புஷ்பம் அக்கா கைப்பை, இடுப்பு, கவுன் மடிப்பு என்று எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். மிஸ் லிம்மின் முகம் சிவந்துபோனது. குனிந்த தலை நிமிராமல் லயம் வரை நடந்து வந்தார்.

முனியாண்டி மாமா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை மலாய்தான், அதுவும் கடைத்தெரு மலாய். எனக்கு ஞாபகம் இருக்கிறபடி தமிழில் சொல்கிறேன்.

“தப்பு என்னுடையது. கொண்டு வா, கொண்டு வா என்று சொன்னது நான்தான்” என்றார் மிஸ் லிம்.

“தப்பு யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும் டீச்சர். லாரில ஏத்தறது என்னையத்தானே?”

மிஸ் லிம் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: “இனிமேல் அவள் எதையும் கொண்டுவர வேண்டாம். சமையல் கிளப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன். கையை வீசிக்கொண்டு வரட்டும்.”

“வெறுங்கையோட வந்து என்ன செய்வா?”

“பாட்டு கிளப்பும் நான்தான் நடத்துகிறேன். அதில் பாடட்டும்.”

மாமா திரும்பி மகளைப் பார்த்தார். “இவளா? பாட்டா?” வந்த சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. உள்ளேயிருந்து அத்தையின், அதாவது அஞ்சலை அம்மாவின், குரல் வந்தது: “இவ வாயத் தொறந்தா கோழியெல்லாம் கூண்டுக்குள்ள ஓடிரும். டீச்சர்கிட்ட சொல்லுங்க!”

மாமா அதை மலாயில் சொன்னார். மிஸ் லிம்மும் சிரித்துவிட்டார். சிரிக்காதவள் அஞ்சலை ஒருத்திதான்.

“எனக்குப் பாட்டு வேணாம்ப்பா. நான் சமையல் கிளப்புலயே பாத்திரம் கழுவிக்கறேன்.”

மாமாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. மகள் பள்ளிக்கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

“கழுவறதுக்கா ஒன்னைய அனுப்பினேன்?” என்றார் மெதுவாக.

கம்பி வேலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டீச்சரிடம், “பாடட்டும் டீச்சர். திங்கக்கெழம வருவா” என்றார்.

திங்கட்கிழமை வந்தாள். துணைக்கு நானும் பாட்டு கிளப்பில் சேர்ந்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது, அத்தை சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை! அஞ்சலை ஒரு பக்கம் போனாள், பாட்டு இன்னொரு பக்கம் போனது. பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் சுருதி தப்பியது. மிஸ் லிம் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ வாயை மட்டும் அசை. அழகாக அசை. சத்தம் வேண்டாம்” என்றார். அஞ்சலைக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வாயை அசைத்துக்கொண்டே கண்ணைச் சமையலறைப் பக்கம் வைத்திருப்பாள்.

கேக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிற்பாடு எங்கள் வட்டாரத்தை ‘வெள்ளைப் பகுதி’, அதாவது கம்யூனிஸ்டுகள் இல்லாத இடம், என்று அறிவித்தார்கள். கட்டுப்பாடெல்லாம் போயிற்று. அஞ்சலை மாவும் சீனியும் கையில் ஏந்திக்கொண்டு போய், ஆசைப்பட்ட கேக்கைச் செய்தாள். நடுவில் குழி விழுந்துவிட்டது. அடுத்த வாரம் செய்தது ஜோராக உப்பியது. புஷ்பம் அக்காவுக்குத்தான் சோதனை வேலை போய்விட்டது. மறுபடியும் இருட்டோடு எழுந்து மரம் வெட்டக் கிளம்பினார். “எல்லாருக்கும் விடிஞ்சிருச்சு. எனக்கு மட்டும் நாலு மணிக்கே விடியுது” என்று புலம்பியபடி.

இப்போது பாடத்துக்கு வெளியே நடக்கிற கோகுரிகுலம் என்றாலும் மார்க். எந்த கிளப், என்ன பதவி, எத்தனை சர்டிபிகேட்... கிளப்பில் என்ன செய்தாய் என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். கிளப்புக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று கேட்கிறோமா? மிஸ் லிம்மும் முதலில் கேட்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகு லாரி ஏறி வந்தார். நானும் பிற்பாடு டீச்சர் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அது எல்லோரும் செய்கிற காரியமில்லை.

அதையெல்லாம்விட எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது, வேலி இருந்த காலத்திலேயே நடந்த பள்ளி ஆண்டு விழாதான். ஊரடங்கு என்பதால் விழாவை மதியமே வைத்தார்கள். முனியாண்டி மாமா அனுமதி வாங்கிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அப்பாவின் லாரியில் வந்தார். டவுன் பெற்றோர்கள் நடுவில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேடையில் நாங்கள் இங்கிலீஷ் பாட்டுப் பாடினோம். அஞ்சலை இரண்டாவது வரிசையில் நின்று, வாயை அத்தனை அழகாக அசைத்தாள்.

முடிந்ததும் மாமா நேரே மிஸ் லிம்மிடம் போனார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

“எல்லாப் பிள்ளைங்க கொரலையும் தாண்டி, எம் மவ கொரல் தனியாக் கேட்டுச்சு டீச்சர்!”

நானும் அஞ்சலையும் தரையைப் பார்த்தோம்.

“ஆமாம். எனக்கும் கேட்டது” என்றார் மிஸ் லிம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை!

திரும்பி வரும்போது மாமா லாரியின் பின்பக்கம் எங்களோடு உட்கார்ந்துகொண்டு, அதே இங்கிலீஷ் பாட்டை வார்த்தை தெரியாமல் தோட்டத்து கேட் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார்.

அஞ்சலைக்கு அந்தக் குரல் யாரிடமிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.