செண்டுமல்லிக்கு நடுவே வளர்ந்த செடி

பட்டம்மா அக்கா போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் திருவொற்றியூர் டீக்கடை மாஸ்டர். "காசிமேட்டுல மீன் வறுத்துகினு இருந்துச்சே பட்டம்மா, அது பூட்ச்சாம் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார். நான் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் மனசு ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அது எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டை மாடி.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் கையின் மசாலாவும் தெரியும், வாயும் தெரியும். "இன்னாக்கா, மீன் சின்னதா கீது" என்று யாராவது முனகினால், "கடலாண்ட போய்க் கேளு, பெருசா போடச் சொல்லு" என்பார். நான் அப்போது கான்ஸ்டபிள். ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. காக்கிச் சட்டையைக் கண்டால் எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். அவர் மட்டும், "இன்னா நைனா, இன்னிக்கு யார வூட்டுக்கு அனுப்பாம வச்சிகினு வந்த?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவர் கணவர் ஏகாம்பரம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தால் வாந்தி. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காது. ஊருக்கெல்லாம் மீன் வறுத்துப் போட்டவர் வீட்டிலேயே ஒரு மனுஷன் பட்டினி. புருஷன் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அக்காவுக்கு அப்போது வேறு எந்த ஆசையும் கிடையாது.

கப்பல் வேலைக்குப் போய் வந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: ஏதோ ஒரு தேசத்தில் இந்த நோய்க்காரர்களுக்குக் கஞ்சா கொடுக்கிறார்களாம், வாந்தி நிற்குமாம், பசி எடுக்குமாம். கொஞ்சம் விதையும் கொடுத்திருக்கிறார். விற்கிறவர்களிடம் வாங்க அக்காவுக்கு மனமில்லை. "அதுல இன்னா எழவு கலந்துகீறானோ, நானே வச்சிக்கிறேன்" என்று முடிவு செய்துவிட்டார். அதுவரை ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைத்து அறியாதவர். மொட்டை மாடியில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் மண்ணைப் போட்டு விதையைத் தூவினார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதே வாளியில் செண்டுமல்லியும் போட்டார். வம்பு அங்கேதான். இரண்டும் முளைத்த பிறகு எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து நான் சட்டையைக் கழற்றுவதற்குள் வந்து நின்றார். உள்ளங்கையில் ஓர் இலை.

"நைனா, இந்த பில்டிங்லயே நீ ஒருத்தன்தான் அத்தப் பாத்துகீற. இதானா சொல்லு."

"எதுக்கா?"

"அதான், நீங்க புடிப்பீங்களே, அது. ஒரு வாரமா அரைச்சிக் குடுத்துகினு கீறேன். ஒன்னியும் கேக்கல."

கசக்கி முகர்ந்து பார்த்தேன். "அக்கா, இது செண்டுமல்லி."

"அய்யய்யோ! அப்போ களைன்னு நான் புடுங்கிப் போட்டது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கசப்பையும் ஏகாம்பரம் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருக்கிறார், பாவம்.

மாடிக்கு ஓடினோம். வாளியின் ஓரத்தில் ஒன்றே ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. போலீஸ்காரனிடமே கொண்டுவந்து கேட்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும். உன்ன உள்ள வச்சிடுவாங்க" என்றேன். "அப்போ புடுங்கிடு. உன் கையாலயே புடுங்கிடு" என்று நகர்ந்து நின்றார். கீழே ஏகாம்பரம் ஓங்கரிக்கும் சத்தம் மாடிவரை கேட்டது. நான் கையை நீட்டினேன். "இதுதான்" என்று செடியைக் காட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

செடி நன்றாக வளர்ந்தது. அக்கா கடைக்குப் போகிற நாட்களில் நானே தண்ணீர் ஊற்றினேன். ஏகாம்பரம் சில வாரங்கள் சாப்பிட்டார். ஒரு நாள் நெத்திலிக் குழம்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார் என்று என் வாசலில் வந்து சொல்லி அக்கா அழுதார். செடியின் வேலையா, மனசின் வேலையா, எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை.

அந்த வாரங்களில்தான் புளியந்தோப்பு லோடுமேன் கோதண்டத்தை ஒரு கஞ்சாப் பொட்டலத்தோடு பிடித்து வந்தோம். "முதுகு வலி சார். படுத்தா தூக்கம் வர்ல சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களுக்கெல்லாம் முதுகே இல்லையாடா?" என்று நான் கேட்டேன். ஸ்டேஷனே சிரித்தது. அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, மாடி ஏறி, வாளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். நடுங்கவே இல்லை.

பொங்கலுக்கு முன்பே ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் அக்கா செடியைப் பிடுங்கிக் கடலில் போட்டார். வெறும் வாளியோடு என் வாசலுக்கு வந்தார்.

"லோடுமேன் கோதண்டம் பொஞ்சாதி கடையாண்ட வந்துச்சு, நீதான் புடிச்சன்னு சொல்லிச்சு. அவன் இன்னும் உள்ளதான் கீறானாம். அதுவும் இதே செடிதான நைனா? ஒன்னு, என்னியும் இட்டுகினு போயிருக்கணும். இல்லாங்காட்டி அவனையும் வுட்டிருக்கணும்."

"சட்டம்க்கா" என்றேன்.

"உங்க சட்டத்துக்கு மாடிப்படி ஏறத் தெரியாதா?"

அவர் சத்தம் போடவில்லை. வாளியை என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். கோதண்டம் வெளியே வரும்வரை அந்த வீட்டுக்கு அக்கா கடையிலிருந்து மீன் போனது. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், "நான் தப்பிச்சிகினேன், அவன் மாட்டிகினான். அவ்ளோதான் வித்தியாசம்" என்பாராம். நான் ஒரு நாளும் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. சிறைக்கு அனுப்பியவன் எந்த முகத்தோடு போவது?

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நான் வந்தபோது அக்காவுக்குப் பாடை தயாராக இருந்தது. தூக்க ஆள் கூப்பிட்டார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவர் கோதண்டம். தலை நரைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் நான். வழி நெடுக ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடியே அவர் நடந்ததைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா வைத்துவிட்டுப் போன அந்த வாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செண்டுமல்லி போட்டிருக்கிறேன். அவர் கேட்ட கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது.

சுடுகாட்டில் பாடையை இறக்கி வைத்ததும் கோதண்டம் திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "நல்லாகீறீங்களா சார்?" என்றார்.

"கோதண்டம், முதுகு வலி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் இடுப்பில் ஊன்றியிருந்த கையை எடுத்தார்.

"இன்னா சார், இப்ப கேக்கறீங்க" என்றார்.