சோத்துக் கையால் ஒரு குத்து

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவளை வீட்டிலும் நிற்கச் சொன்னால் அவளுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. தினமும் வந்தது. தாம்பரத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, பொத்தானை இழுத்துப் பார்த்து, தொங்குகிற நூலைக் கத்தரித்து, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் இடம் கிடைத்து உட்கார்ந்தால் இறங்கவே மனசு வராது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மொட்டை மாடியிலிருந்து குரல் வரும்.

"ம்மா, வரும்போது பேட் எடுத்துட்டு வா!"

என் மகள் குத்துச்சண்டை பழகுகிறாள். பேட் என்பது கையில் மாட்டிக்கொள்கிற தடித்த தோல் மெத்தை, ஒரு கைக்கு ஒன்று. அவள் குத்துவாள், நான் வாங்கிக்கொள்வேன். பெற்ற கடனுக்கு இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஏரிக்கரையை ஒட்டிய தகரக் கொட்டகையில் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் செய்த வேலை இது. கொட்டகை நிறையப் பிள்ளைகள், அவருக்கு இருப்பது இரண்டே கை. ஆளாளுக்கு அவரே பேட் பிடித்தால் விடிந்துவிடும். "அக்கா, வூட்ல யாராவது ஒருத்தர் புடிச்சா போதும்க்கா. ஒன்னும் பெரிய வித்தை இல்ல" என்றார். என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாள் பிடித்தார். மறுநாள் முதுகுப் பிடிப்பு என்று படுத்தவர் பேட் பக்கமே திரும்பவில்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

கணக்கு சுலபம். ஒன்று என்றால் இடது கையால் நேராக ஒரு குத்து. இரண்டு என்றால் வலது கையால் நேராக. மூன்று என்றால் இடது கையை வளைத்துப் பக்கவாட்டில். நான் எண்ணைச் சொல்லிப் பேட்டைக் காட்ட வேண்டும், அவள் அதே வரிசையில் குத்த வேண்டும். "ஒன்னு ரெண்டு! ஒன்னு ஒன்னு ரெண்டு! ஒன்னு ரெண்டு மூணு!" என்று தினமும் நான் கத்துவதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா, "எல்கேஜி டியூஷன் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்று வரை தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அவள் குத்தி முடித்ததும் பேட் பிடிக்கிறவர் சும்மா நிற்கக் கூடாது, பதிலுக்கு ஒரு வீசு வீச வேண்டும். குத்தின சந்தோஷத்தில் கையைக் கீழே விட்டால் கன்னத்தில் விழும், அப்போதுதான் கை தானாக முகத்துக்குத் திரும்பும் என்பார் மாஸ்டர். அதை மட்டும் நான் மனசாரச் செய்தேன். காலையில் அவள் பாதி தோசையைத் தட்டில் வைத்துவிட்டு ஓடியதற்கும் சேர்த்து வீசுவேன். சூப்பர்வைசர் மேல் இருந்த கோபமும் அதில் கொஞ்சம் இருக்கும். ஆரம்பத்தில் அவளுடைய வலது காதில் நன்றாகவே விழுந்தது. போகப் போக அவளுடைய வலது கை சுவர் மாதிரி வந்து நின்றுகொண்டது.

இன்னொரு தகராறு கால். என் வலது கால் சுண்டு விரலில் கால் ஆணி. நாள் முழுக்க நின்றதில் அது தொட்டாலே உயிர் போகும் நிலையில் இருக்கும். இவள் குத்துவதற்காக இடது காலை முன்னால் எடுத்து வைப்பாள். அது நேராக வந்து என் சுண்டு விரல் மேல்தான் இறங்கும். "என் கால மிதிச்ச, பேட்டத் தூக்கி ரோட்டுல போட்டுடுவேன்!" என்று தெருவே கேட்கக் கத்துவேன். அதற்கப்புறம் அவள் தன் காலை என் காலுக்கு வெளிப்பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டுக் குத்தப் பழகினாள். நல்ல பிள்ளை, புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் எதற்காக என்றால், ஒரு கல்லூரி சீட்டுக்காக. மார்க்கை நம்பி அவளை எங்கேயும் அனுப்ப முடியாது, அவளுக்கே அது தெரியும். பிளஸ் டூ முடிப்பதற்குள் மாநிலப் போட்டிக்குப் போய்விட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்கும். ஆனால் மாவட்டத்திலிருந்து ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒருத்திதான் போக முடியும். போன வருஷம் பிளஸ் ஒன்னில் ஒரு வாய்ப்பு, இந்த வருஷம் ஒன்று. அவ்வளவுதான்.

போன வருஷ மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு முன்னால் மாஸ்டருக்கு அவளிடம் ஒரே ஒரு குறை. "இன்னா கை அது, லெஃப்ட்டு? குத்திட்டு வாழைத்தார் மாரி தொங்கிகினு கீது. அக்கா, வூட்ல கொஞ்சம் கரெக்ட் பண்ணுங்க" என்பார். நானும் மாடியில் "இடது கையத் தூக்குடி" என்று வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வாயால் சொன்னதை எந்தப் பிள்ளை கேட்டது?

தேர்வு குரோம்பேட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனேன். அரையிறுதியில் இவளுக்கு வந்து வாய்த்தவள் இடது கைக்காரி. அந்தப் பெண்ணைப் பார்த்து மற்ற பிள்ளைகள் எல்லாம் பயந்தார்கள். மாஸ்டர் முகமே செத்துவிட்டது. இடது கைக்காரி வலது காலை முன்னால் வைத்து நிற்பாள், எதிரில் நிற்பவள் இடது காலை முன்னால் வைத்திருப்பாள். இரண்டு பேருடைய முன்னங்காலும் முட்டிக்கொள்ளும். பழக்கம் இல்லாதவள் தன் காலைப் பார்ப்பாள், அந்த நேரத்தில் முகத்தில் வாங்குவாள்.

என் மகள் காலைப் பார்க்கவே இல்லை. மணி அடித்ததும் போனாள், அந்தப் பெண்ணின் காலுக்கு வெளிப்பக்கம் தன் இடது காலை வைத்தாள், ஒன்று, இரண்டு. அந்த இரண்டு நேராக மூக்கில் போய் உட்கார்ந்தது. அந்தப் பெண் இடது கையை வீசினால் இவளுடைய வலது கை அதே பழைய சுவராகப் போய் நின்றது. முடிந்ததும் நடுவர் இவள் கையைத்தான் தூக்கினார். மாஸ்டர் குதித்துக்கொண்டு வந்தார்.

"ஏய், அந்தக் கால் வெப்பு யாரு உனக்கு சொல்லிக் குடுத்தா? நான் இன்னும் உனக்கு அத்த ஆரம்பிக்கவே இல்லியே!"

"யாரும் சொல்லித் தரல மாஸ்டர். அம்மா கால மிதிச்சா கத்துவாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். இறுதியில் எதிராளி சாதாரண வலது கைக்காரி, சுமாராகத்தான் ஆடுவாள் என்றார்கள். கண்டம் தாண்டிவிட்டது என்று பையிலிருந்த டீ ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தேன்.

அந்தச் சாதாரணப் பெண் வலது கையை வீசினாள். என் மகளின் இடது கன்னத்தில் விழுந்தது. மறுபடி வீசினாள், மறுபடி அங்கேயே விழுந்தது. "லெஃப்ட்ட தூக்கு! லெஃப்ட்ட தூக்கு!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் கைக்கு எங்கே போய் நிற்பது என்றே தெரியவில்லை.  கடைசியில் நடுவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார். என் மகள் என் பக்கம் திரும்பாமல் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து சேர்வதற்குள் அவளுடைய இடது கன்னம் வீங்கிக் கண் சின்னதாகியிருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து ஒத்திக்கொண்டிருந்தபோது, "வீட்ல ஒரு நாள்கூட இந்தப் பக்கம் அடி விழுந்ததே இல்லம்மா" என்றாள். குறை சொல்லவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாள் கொட்டகைக்குப் போனோம். மாஸ்டரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருப்பார் போல. "அக்கா, பேட்ட மாட்டிகினு வூட்ல எப்டி நிப்பீங்களோ அப்டி நில்லுங்க" என்றார். நின்றேன். "ஒன்னு ரெண்டு" என்றேன். அவள் குத்தினாள், நான் வீசினேன். மாஸ்டர் என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க பீச்சாங்கையா?"

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "யார் சொன்னது? சாப்பிடறது, எழுதறது எல்லாம் சோத்துக் கையாலதான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பீச்சாங்கை என்ற வார்த்தையைக் கேட்டு நாற்பது வருஷம் இருக்கும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது குன்றத்தூர் மலைக் கோயிலில் குருக்கள் விபூதி கொடுக்க வந்தார். நான் இடது கையை நீட்டினேன். அம்மா வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பட்டென்று அதைத் தட்டிவிட்டாள். விபூதி எல்லாம் படியில் கொட்டியது. அதற்கப்புறம் சாப்பிட உட்கார்ந்தால் என் இடது கையைத் தன் முழங்காலுக்குக் கீழே போட்டு அழுத்திக்கொள்வாள், நான் வலது கையால் சாப்பிட்டு முடிக்கும் வரை எடுக்கமாட்டாள். கெட்டவள் இல்லை. பெண்ணைப் பீச்சாங்கை என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவள். கை மாறிவிட்டது. கம்பெனியில் நூல் வெட்டுகிற கத்தரி மட்டும் இன்னும் இடது கைக்குத்தான் போகும், அதை யாரும் கவனித்ததில்லை. பேட்டை மாட்டிக்கொண்டு கோபத்தில் வீசும்போது எந்தக் கை போகிறது என்று நானே கவனித்ததில்லை.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அதான பார்த்தேன்! வூட்ல ஒரு லெஃப்டிய வெச்சிகினு தினம் சண்டை போட்டுகினு இருந்துருக்கா. லெஃப்டி வந்தா கெலிப்பா, மத்தவ வந்தா தோப்பா. அக்கா, இனிமே லெஃப்ட்டு கால முன்னாடி வெச்சி சோத்துக் கையால வீசுங்க. அடுத்த வாட்டி சீட்டு நம்மளுதுதான்" என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாடியில் இடது காலை முன்னால் வைத்தேன். உடம்பு முழுக்க யாருடையதோ மாதிரி இருந்தது. "ஒன்னு ரெண்டு." குத்தினாள். வலது கையை வீசினேன்.

"என்னம்மா, தடவிக் குடுக்கற?"

"கன்னம் வீங்கியிருக்குடி."

"அங்கதாம்மா அடிக்கணும். அடிச்சாதான கை மேல வரும்?"

மறுபடி வீசினேன். கால் பின்னிக்கொண்டது. மறுபடி வீசினேன். கை பாதி வழியில் தொங்கியது. கால் ஆணி வேறு குத்தியது. எனக்கு வந்ததே ஆத்திரம்! பேட்டைக் கழற்றி வீசிவிட்டேன்.

"எங்கம்மா என் கைய மாத்தினா. பாதியில விட்டுட்டுப் போயிட்டா. அத முடிக்கறதுக்குன்னு நீ பொறந்தியா? என்னால முடியல. நின்னு நின்னு செத்துட்டேன்டி."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எல்லாம் அசதி. அவள் பேட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேணாம்னா விடும்மா. வேற யாரையாவது பாத்துக்கறேன்" என்றாள். வேறு யார் இருக்கிறார்கள்? அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  பிறகு நானே எழுந்து பேட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

எத்தனை தடவை வீசினேன் என்று தெரியாது. அழுக்கு மூட்டையைத் தூக்குகிற மாதிரி அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். கடைசியாக ஒரு தடவை, தற்செயலோ என்னவோ, கை ஒழுங்காகப் போனது. அவளுடைய இடது கை எழுந்து வந்து அதைத் தடுத்தது. டப்பென்று ஒரு சத்தம். வீங்கின கன்னத்தோடு கோணலாகச் சிரித்தாள்.

கீழே வந்து அவளே ரசம் சாதம் பிசைந்து தட்டைக் கொடுத்தாள். என் கணவருக்கு அன்று ஷிஃப்ட். நான் சுவரில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டேன். நாலு வாய் போயிருக்கும், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒன்னும் இல்ல. சாப்பிடு."

அப்போதுதான் பார்த்தேன். வலது கை தூக்க முடியாமல் மடியில் கிடந்தது. இடது கை சோற்றோடு வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. என் தோள் தானாகச் சுருங்கியது. எங்கிருந்தாவது பட்டென்று ஒரு தட்டு விழும் என்று அத்தனை வருஷம் கழித்தும் அது காத்திருந்தது. ஒன்றும் விழவில்லை. அவள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"நாளைக்கு சோத்துக் கைக்கு லீவு குடுடி" என்றேன்.

"சாப்பாட்டுக்கு லீவு. மாடியில கிடையாது" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு, மிச்சச் சோற்றையும் பீச்சாங்கையாலேயே சாப்பிட்டு முடித்தேன்.