கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தவர்

எங்கள் ஆலயத்தில் மணி அடிக்கும் சின்னப்பன் ஞாயிறு அல்லாத நாளில் என் வாசலில் வந்து நின்றால் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். "டீச்சரம்மா, ஆர்கன் ஐயா பூட்டாரும்மா. விடிகாலைல இழுப்பு வந்துக்கினு இருந்துச்சாம், அப்டியே நின்னு போச்சாம். எஸ்தரம்மா உங்களத்தான் கேட்டுக்கினே கீறாங்க" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான் குடையும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பிறகு அவரைப் பற்றிச் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி சபையார் கேட்டபோது, எனக்குத் தெரிந்ததை எழுதுவேன், ஒரு வரியும் வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

தேவசகாயம் அண்ணனை உங்களில் பலர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருக்கும் முதுகாகத்தான் பார்த்திருப்பீர்கள். பகலில் மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. மாலையில் மயிலாப்பூர் டிராமில் வந்து இறங்கினால் நேரே ஆலயத்துக்குத்தான் வருவார். சபைக் கமிட்டிக்கும் அவர்தான் காரியதரிசி. ஆனால் அவருடைய உயிர் அந்த ஆர்கனில்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா இழுப்பு உள்ள மனிதர், காலால் துருத்தியை மிதித்து ஒரு கீர்த்தனையை முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். ஆனாலும் வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டார்.

நான் சொல்லப்போவது என் கணவர் இறந்த வருடத்துக் கதை. பாடகர் குழுவில் பாடுவதை மட்டும் நான் விடவில்லை. ஜெபம் நின்றுபோயிருந்தது. முழங்காலிட்டால் வாயில் ஒரு வார்த்தை வராது. ஒரு சனிக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு, மறந்துபோன பாட்டுப் புத்தகத்தை எடுக்கத் திரும்பி வந்தேன். அண்ணன் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழுப்பு வந்துவிட்டது என்று பயந்து தண்ணீருக்கு ஓடினேன். கண்ணைத் திறந்து சிரித்தார். "ஒண்ணும் இல்ல தங்கச்சி, ஜெபம்தான். நம்ம பெரியவங்க மாதிரி அரை மணி நேரம் ஜெபம் பண்ண நான் மூச்சுக்கு எங்க போறது? இருக்கிற மூச்சுலயே பண்ணிடறேன்."

அன்று அங்கேயே சொல்லிக்கொடுத்தார். மூச்சை இழுக்கும்போது, 'ஆண்டவரே.' விடும்போது, 'கூட இரும்.' அவ்வளவுதான். "வேற ஒண்ணும் கேக்காதே. வீட்டுக்காரரத் திருப்பிக் குடுன்னு கேக்காதே, தைரியம் குடுன்னு கூடக் கேக்காதே. கூட இருந்தாப் போதும்" என்றார். மாதக்கணக்கில் ஜெபிக்க முடியாதிருந்த நான் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஜெபித்தேன். அந்த வருடம் என்னை நிற்க வைத்தது அதுதான். அதை மறுத்தால் நான் நன்றி கெட்டவள்.

பிறகு வியாழக்கிழமை மாலைகளில் லஸ் பக்கம் இருந்த என் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூட ஆரம்பித்தோம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து மூச்சோடு ஜெபிப்போம். யாராவது பழக்க தோஷத்தில் குரலை உயர்த்தினால் அண்ணன், "மெதுவாம்மா, கர்த்தருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்பார். இருமலை அடக்க முடியாதவர்களிடம், "இருமிக்கோ, அதுவும் மூச்சுதான்" என்பார். அந்தக் கேலி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வினை பிறந்தது ஒரு நல்ல மனதிலிருந்து. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமி ஒரு வியாழக்கிழமை எலுமிச்சம்பழம் கொடுக்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். மறுநாள் என்னிடம், "உங்காத்துல எல்லாரும் கண்ணை மூடிண்டு பிராணாயாமம் பண்ணிண்டிருந்தேளே, பார்க்கவே திவ்யமா இருந்தது டீச்சர்" என்றார். அது எங்கள் ஜெபம் மாமி என்றேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே அன்போடு காய்கறிக் கடையில் எங்கள் கமிட்டி மூப்பர் ஒருவரின் மனைவியிடமும் அதைப் புகழ்ந்திருக்கிறார். அடுத்த வாரமே டீச்சர் வீட்டில் கிறிஸ்தவர்கள் யோகாசனம் பழகுகிறார்கள் என்று ஆகிவிட்டது. சத்தம் போட்டு ஜெபித்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் சபைக்கு அமைதி என்றாலே சந்தேகம்.

கமிட்டி என்னைக் கூப்பிட்டது. முந்தின நாள் மாலை அண்ணன் வீடு தேடி வந்தார். "நாளைக்கு நீ வாயே திறக்க வேணாம் தங்கச்சி. பொம்பளப் புள்ள எதுக்கு அவங்க முன்னாடி வாதாடணும்? ஆரம்பிச்சவன் நான். நான் சொல்லிக்கிறேன்" என்றார். சரி அண்ணே என்றேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் போதகர், மூப்பர்கள், ஓரத்தில் காரியதரிசியாக அண்ணன். "இந்த மூச்சுப் பழக்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?" என்று போதகர் கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். மறுபடி கேட்டார். கொடுத்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மூப்பர் ஒருவர், இதில் ஆலய ஊழியம் செய்பவர் யாருக்காவது பங்கு இருந்தால் அந்த ஊழியத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார். அண்ணனின் முகம் மாறியது அப்போதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கம்பக்கத்துச் சகவாசம்தான் ஐயா. வேணாம்மான்னு நான் கூட எச்சரிச்சேன்" என்றார்.

அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். போதகர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "காரியதரிசி பொய் சொல்கிறார் என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் என் குற்றத்தோடு சேர்ந்தது. சபைக்கு முன்னால் மனவருத்தம் தெரிவிக்கும்வரை, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து எனக்கு இல்லை என்றார்கள். இல்லாத குற்றத்துக்கு மனவருத்தம் எங்கிருந்து வரும்? வேறு போதகர் மாற்றலாகி வந்து ஒன்றும் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொள்ளும்வரை, எல்லாரும் எழுந்து திருவிருந்துக்குப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரமெல்லாம் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார் அண்ணன். நன்றாகவே வாசித்தார். வாசலில் எதிர்ப்பட்டால், "தோத்திரம் தங்கச்சி" என்பார். நானும் தோத்திரம் சொல்லுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எங்களுக்குள் இருந்ததில்லை.

பெஞ்சில் உட்கார்ந்த அவமானத்தைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. 'ஆண்டவரே' என்று மூச்சை இழுத்தால் மேசை ஓரத்தில் அவர் தொண்டையைச் செருமிய சத்தம் கேட்கும். ஜெபம் அங்கேயே அறுந்துவிடும். அவர் கொடுத்ததை அவரே பிடுங்கிக்கொண்டு போனார்.

சாவு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "கடைசி வரிக்கும் விடலம்மா. ஆண்டவரே, கூட இரும்னுதான் உயிர் போச்சு. அந்தக் கமிட்டிக்கு அப்பறமும் ஒரு நாள் நிறுத்தல. டெய்லி உள்ள போயி கதவைச் சாத்திக்கினு பண்ணுவாரு. யாருக்கும் சொல்லாதேன்னுவாரு" என்றார். பயத்தில் அவரும் அதை விட்டிருப்பார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இரண்டு பேருமே இழந்தோம் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அவருக்கோ ஆர்கனும் இருந்திருக்கிறது, ஜெபமும் இருந்திருக்கிறது.

"அவருக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார் அக்கா. பழைய கமிட்டிக்காரர்களில் மூன்று பேர் அங்கே நின்றிருந்தார்கள். நான் எழுந்து, எல்லார் காதிலும் விழும்படி, "இந்த ஜெபத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்" என்றேன். அக்கா என் கையை விட்டுவிட்டார். அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். பிறகு கண்ணை மூடி அந்த ஜெபத்தையே சொன்னேன்.

வியாழக்கிழமைகளில் என் பாயில் உட்கார்ந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நீங்களும் அன்று பேசவில்லை. பரவாயில்லை, இனிமேலாவது சொல்லுங்கள். இதை யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் தேவசகாயம் அண்ணன் கொடுத்தது என்று பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அன்று கமிட்டியில் அவர் எனக்குச் செய்ய மறந்த மரியாதையை நாமாவது அவருக்குச் செய்வோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஜெபத்தைத்தான். மன்னித்தாயா என்று கேட்காதீர்கள். இன்னும் இல்லை. இன்று காலையும் உட்கார்ந்தேன். இழுக்கும்போது ஆண்டவரே என்றேன். விடும்போது அந்தச் செருமல் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடி மூச்சை இழுத்தேன்.