சாயம் காயாத தட்டான்

சின்னாளப்பட்டியில் சேலை வீட்டில் பிறந்தவனுக்குக் கலர் தெரியாது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மண் நிறம். சாயத்தொட்டிப் பக்கமே அப்பா என்னை விட்டதில்லை. திண்டுக்கல்லில் மருந்துக் கடை வேலைக்குப் போனேன். அப்படிப்பட்டவன் ஐம்பது வயதுக்கு மேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தட்டான்பூச்சி பின்னால் அலைகிறேன் என்றால், வீம்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

படம் நான் எடுப்பேன், கலர் என் மனைவி சொல்வாள். நாளெல்லாம் கடையில் சேலை விரிக்கிறவள், தட்டானையும் சேலையாகத்தான் பார்ப்பாள். "இது மயில்கழுத்து. இது அரக்கு. இது காப்பிப்பொடி." எங்களைப் போல ஆர்வத்தில் சேர்ந்தவர்களின் கைப்பேசிக் குழு ஒன்று உண்டு. படத்தோடு இனம் என்ன, ஆணா பெண்ணா என்று அதில் போட வேண்டும்.

எனக்குப் பிடித்தது வெங்காயத் தட்டான். பெயர் அவள் வைத்தது. ஆண், உரித்த சின்ன வெங்காயக் கலர். பெண், மாம்பழக் கலர். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் தேன் சிந்தியது போல ஒரு கறை இருக்கும். அதைப் பார்த்து இனத்தை நானே சொல்லிவிடுவேன். ஆணா பெண்ணா என்பதற்குத்தான் அவள் வாயைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலை, கண்மாய்க் கரையில் காய்ந்த எருக்கங்குச்சி மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. இடது பின்னிறக்கையின் ஓரத்தில் சின்னக் கிழிசல். சேற்றில் படுத்துப் பக்கவாட்டில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டினேன்.

"மாம்பழக் கலரு. பொண்ணுதாங்க," என்றாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மார்பு முடிந்து வயிறு தொடங்கியதும், இரண்டாம் கணுவுக்கு அடியில் ஒரு சிறு புடைப்பு. அது ஆணுக்கு மட்டுமே உண்டு.

"இது ஆணு," என்றேன்.

"உங்களுக்குக் கலரு தெரியிற லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே!"

"கலரை யாரு பேசுனா? இன்னும் சாயம் காயல."

எங்கள் தொழிலில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. முக்கி எடுத்த ஈரச் சேலையைப் பார்த்து யாரும் கலர் சொல்ல மாட்டார்கள். இளம் ஆண் தட்டானும் முதலில் பெண்ணின் நிறத்தில்தான் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். கண்ணால் கண்டதில்லை.

குழுவில் 'ஆண்' என்றே போட்டேன். அவள் சொன்னதை மீறி, என் கண்ணை நம்பிப் போட்டது அதுதான் முதல் தடவை. வந்த பதிலெல்லாம் 'பெண்', 'மஞ்சளாக இருக்கிறதே'. ஒருவர் சிரிக்கும் பொம்மை வேறு அனுப்பியிருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் சொன்னது தப்பென்றால் கேமராவைப் பரணில் போட்டுவிடுகிறேன், இந்தக் கண்ணை நம்பி இனி எதற்கும் போவதில்லை என்று அவளிடம் கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் பயமாக இருந்தது. வேறு எதில் எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது?

அதற்கப்புறம் விடிந்தால் எருக்கங்குச்சியைப் பார்க்கப் போவதே பிழைப்பாயிற்று. குச்சிதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறுமலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது, அவளும் கூட வந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க..." என்று கையை நீட்டிக் காட்டினாள்.

அதே குச்சி. இடது பின்னிறக்கையில் அதே கிழிசல். படம் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"என்ன கலரு?"

"மாம்பழம்னும் சொல்ல முடியல, வெங்காயம்னும் சொல்ல முடியல. மஞ்சளுக்குள்ள இருந்து சாயம் ஏறிக்கிட்டே வருதுங்க."

தொட்டி இல்லை, அடுப்பு இல்லை, முக்கி எடுக்க ஒரு கை இல்லை. விரல் நீளம்கூட வராத ஒரு உயிர் தன் உடம்புக்குள்ளேயே சாயம் காய்ச்சித் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னது சரி என்ற சந்தோஷம்கூட அப்புறம்தான் வந்தது.

"ஆணுதாங்க," என்றாள் மெதுவாக. "குழுவுல போடுங்க."

"கலருன்னு என்ன எழுத?"

எந்தச் சேலையைப் பிரித்துப் போட்டாலும் மூச்சு விடுவதற்குள் பேர் சொல்லிவிடுகிறவள், திரையையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு நம்மகிட்ட பேரு இல்லீங்க. செத்த நேரம் சும்மா பாப்போம்."

பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தெரியாத ஒரு கலர் அன்றைக்கு அவளுக்கும் தெரியவில்லை.