புல்லக்கா நட்ட மைதானம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புல்லக்கா மூக்கைப் பொத்தி யாரும் பார்த்ததில்லை. இரத்தமும் சீழும் தோய்ந்த விரிப்புகளை அள்ளிக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவளோடு ஊர்க்கதை பேசுவாள். "நோயாளி பாவம், வேணும்னா செய்யறான்?" என்பாள்.

அந்தப் பெயர் அவளுக்கு வந்தது மைதானத்தால். ஊருக்குப் பின்னால் ஒரு குப்பைப்பள்ளம் இருந்தது. செத்த நாய், உடைந்த கண்ணாடி எல்லாம் அங்கேதான். பிள்ளைகள் லாரி ஓடும் சாலையில் பந்து உதைக்கப்போய் ஒருவனுக்குக் கால் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஊர் கூடியது. ஆண்கள் பள்ளத்தை வாரி மண் நிரப்பினார்கள். வெல்டர் பழைய தண்ணீர்க்குழாயை வெட்டிக் கோல் கம்பம் செய்தார். மழை விழுந்ததும் பெண்கள் மண்டியிட்டுப் புல் நட்டார்கள். இடுப்பு விட்டுப்போச்சு என்று மற்றவர்கள் எழுந்து போனபின்னும் இவள் நட்டுக்கொண்டே இருந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மைதானச் சங்கத்துக்குத் தலைவனானவன் அவளுடைய தம்பி. தாயில்லாமல் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். பேசியே கல்லைக் கரைப்பான். கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தான். பிறகு விருந்துகளுக்கு மைதானத்தை வாடகைக்கு விட ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் விருந்துக்கு வந்த வண்டிகள் புல்லை உழுதுபோட்டிருந்தன. கோலுக்குள் எலும்பும் எச்சில் தட்டும் குவிந்து கிடந்தன. அதன்மேல் எவனோ வாந்தி எடுத்திருந்தான். ஈ மொய்த்த மொய்ப்பில் தரை தெரியவில்லை. கம்பத்தடியில் மூத்திர வாடை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் மூக்கைப் பொத்தினாள்.

கிடந்த சாக்கு ஒன்றில் கையாலேயே அள்ளினாள். நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாக்கா, உக்காரு. சாப்பிடு."

சாக்கை மேசைமேல் கவிழ்த்தாள். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? சாப்பிடுற இடத்துல!"

"அது விளையாடுற இடம்டா. உன் விருந்தாளிங்க மிச்சம் வச்சது. நல்லா சாப்பிடு."

"சங்கத்துக்கு வருமானம் வேணாமாக்கா? ஆள விட்டுக் கழுவினாப் போச்சு."

"எத்தனையோ அழுக்கத் துவைச்சுட்டேன். உன் வெக்கங்கெட்ட புத்திதான்டா வெளுக்க மாட்டேங்குது."

அடுத்த கூட்டத்தில் நடந்ததை எழுந்து நின்று சொன்னாள். "இனிமே விருந்துன்னா என் கம்பத்தப் புடுங்கிட்டுப் போயிடுவேன்" என்று வெல்டர் கத்தினார். விருந்து நின்றது. தம்பி கண்ணைக் கசக்கி மன்னிப்புக் கேட்டான். ஊர் உருகிப்போய் அவனையே தலைவனாக வைத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மறுபடி மண்டியிட்டுப் புல் நட்டாள்.

புல் தழைத்ததும் அங்கே பந்துப் போட்டி நடந்த அன்று தம்பி மைக்கைப் பிடித்தான். "இந்தப் புல்ல நான் பெத்த புள்ள மாதிரி காப்பாத்தினேன்" என்றான். ஊரே கைதட்டியது. வெல்டரும் தட்டினார். அவள் பக்கத்தில் நின்ற ஊர்க்காரன் ஒருவன் காறித் தன் காலடிப் புல்லிலேயே துப்பினான்.

"நடும்போது நீயும்தானே மண் சுமந்தே?" என்றாள்.

"மழை பெஞ்சா போயிடும்க்கா" என்று சிரித்தான்.

அவள் ஆட்டம் தொடங்குமுன் வீட்டுக்கு வந்து தலையோடு குளித்தாள். சாயங்காலம் தம்பி கொண்டாட்டச் சாப்பாடு கொடுத்தனுப்பினான். மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள்.